எபிடூரலில் (தண்டுவட உறைக்கு வெளியே மெல்லிய குழாய் வழியாக மருந்து செலுத்தும் முறையில்) மரப்பு மருந்தோடு இன்னொரு மருந்தையும் ஏன் சேர்க்கிறார்கள்? எதை, எவ்வளவு?

பியுபிவகெயின் என்ற மரப்பு மருந்து தோலைக் கீறும் வலியை அடக்கிவிடும். குடலையோ கருப்பையையோ பிடித்து இழுக்கும்போது வரும் வலிதான் மிச்சமிருக்கும். அதற்காக மரப்பு மருந்தையே கூட்டினால் இரத்த அழுத்தம் சரியும். கிலோவுக்கு சுமார் 2 மி.கி. என்ற உச்ச அளவும் நெருங்கிவிடும். கூடச் சேர்க்கும் துணைமருந்துக்கு வேலை இங்கேதான்.

அறுவை நடக்கும்போது வலி அடங்கினால் போதும் என்றால் ஃபென்டனில் (ஓபியாய்டு வகை வலிநிவாரணி) 50 முதல் 100 மைக்ரோகிராம். 10, 15 நிமிடத்தில் பிடித்து சில மணி நேரம் நிற்கும். அரிப்பு வரலாம், நடுக்கம் குறைவது கூடுதல் லாபம்.

அறுவைக்குப் பிந்தைய வலிக்கு மார்ஃபின் 2, 3 மி.கி. போதும், ஒரு நாள் வரை தாங்கும். ஆனால் அது கொழுப்பில் எளிதில் கரையாது. தண்டுவட நீரிலேயே தங்கி மெல்ல மேலேறி மூளைத்தண்டைத் தொடும். அதனால் மூச்சு மந்தமாவது தியேட்டரில் தெரியாது, 6 முதல் 12 மணி நேரம் கழித்து வார்டில் தெரியும். முதல் 12 மணி நேரம் மணிக்கொரு முறை, அடுத்த 12 மணி நேரம் இரண்டு மணிக்கொரு முறை மூச்சு எண்ணிக்கையும் தூக்கக் கலக்கமும் பார்க்க ஆள் இல்லாத இடத்தில் மார்ஃபின் போடாதீர்கள். மாற்று மருந்தான நலாக்சோன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஓபியாய்டு அல்லாத துணைமருந்துகள்: குளோனிடின் கிலோவுக்கு 1 முதல் 2 மைக்ரோகிராம், டெக்ஸ்மெடெடோமிடின் 0.5 முதல் 1. மரப்பு நீளும், அரிப்பும் இல்லை. பதிலுக்கு நாடித்துடிப்பும் அழுத்தமும் இறங்கும். ஹார்ட் பிளாக் (இதயத்தின் மின்கடத்தலில் தடை) உள்ளவர், பீட்டா பிளாக்கர் (நாடித்துடிப்பைக் குறைக்கும் மருந்து) எடுப்பவர், நீர்ச்சத்து குறைந்தவர் என்றால் தவிர்ப்பதே நல்லது. டெக்ஸ்மெடெடோமிடினின் ஊசிமருந்து லேபிள் சிரைவழி (IV) ஊசிக்கு மட்டும்தான் என்பதும் நினைவிருக்கட்டும்.

சீக்கிரம் மரக்க வேண்டுமா? 10 மி.லி. லிக்னோகெயினுக்கு (இன்னொரு மரப்பு மருந்து) 8.4 சதவீத சோடியம் பைகார்பனேட் 1 மி.லி., போடுவதற்குச் சற்று முன் கலக்கவும். அதே அளவை பியுபிவகெயினில் ஊற்றினால் வெள்ளையாகத் திரிந்துவிடும்.

மரப்பை நீட்டிக்கச் சேர்க்கும் அட்ரினலினில்தான் கை தவறும். 1:1000 (மி.லி.க்கு 1 மி.கி.) ஆம்பியூலிலிருந்து 20 மி.லி. மரப்பு மருந்துக்கு 0.1 மி.லி.தான்; 1 மி.லி. சிரிஞ்சில் எடுங்கள், கண்ணளவு வேண்டாம். எந்த ஆம்பியூலானாலும் பிரிசர்வேட்டிவ் இல்லாதது என்று லேபிளில் பார்த்த பிறகே உடையுங்கள்.

டெஸ்ட் டோஸ் (குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கக் கொடுக்கும் சிறு அளவு) முடிந்த பிறகே துணைமருந்து. ஒரு பக்கம் மட்டும் மரத்திருந்தால் ஃபென்டனிலை ஊற்றிச் சமாளிக்கப் பார்க்காமல், கதீட்டரை (மருந்து போகும் குழாயை) 1 செ.மீ. வெளியே இழுத்து மறுபடி மருந்து கொடுங்கள். அதற்கும் பிடிக்கவில்லையென்றால் புதிதாகப் போடுங்கள்.