தாத்தாவோட ஒமேகா ஒரிஜினலா?

கேள்வி: எங்க தாத்தா பினாங்குல கடை வச்சிருந்தவரு. 1956ல ஊருக்கு வந்தப்ப கையில கட்டிட்டு வந்த ஒமேகா சீமாஸ்டர் வாட்சு எங்க பீரோல கெடக்கு, ஓடல. டயல் மஞ்சளாகி அங்கங்க புள்ளி விழுந்திருக்கு. டவுன்ல ஒரு கடைக்காரர் பாத்துட்டு, டூப்ளிகேட்டு மாதிரி இருக்கு, டயல புதுசா அடிச்சு பாலிஷ் போட்டுத் தரேன், இல்லன்னா 5,000 ரூபாய்க்கு எடுத்துக்கிறேன்ங்கறார். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: அம்மா, மொதல்ல அந்த டயல யாரையும் தொட விடாதீங்க. டூப்ளிகேட்டுன்னு நெனைக்கிறவர் எதுக்கு அதுக்கு 5,000 குடுக்கணும், அத யோசிங்க.

ஒரிஜினலா இல்லையான்னு வெளிய பாத்து சொல்ல முடியாது, பின்மூடியக் கழட்டணும். உள்ள மிஷின்ல ஒமேகான்னு பேரு, செம்பு நிறம், கூடவே ஏழெட்டு இலக்கத்துல ஒரு சீரியல் நம்பர் இருக்கணும். 1956 வாக்குல வந்ததுன்னா அந்த நம்பர் ஒன்றரைக் கோடிக்குப் பக்கத்துல இருக்கும், தாத்தா அதுக்கு ஒண்ணு ரெண்டு வருஷம் முந்தி வாங்கியிருந்தா கொஞ்சம் கம்மியா இருக்கும். சீமாஸ்டரே 1948லதான் வந்துச்சு, அதனால நீங்க சொல்ற காலம் பொருந்துது. டயல்ல எழுத்து லென்ஸ்ல பாத்தா ஓரம் கூர்மையா இருக்கணும், பிசிறடிச்சு தடிமனா இருந்தா ஏற்கனவே யாரோ திரும்ப அடிச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

எங்க அப்பா வாட்ச இப்படித்தான் கும்பகோணத்துல ஒரு கடைல பளபளன்னு ஆக்கிக் குடுத்தாங்க, நானும் சந்தோஷமா வாங்கிட்டு வந்தேன், அப்புறம்தான் தெரிஞ்சுது பழைய வாட்சு சேக்குறவங்க புது பெயிண்ட் அடிச்ச டயல மதிக்கவே மாட்டாங்க, பாலிஷ்ல கேஸோட, அதாவது வெளிக்கூட்டோட, ஓரமெல்லாம் வேற தேஞ்சு போச்சு. அந்த வருத்தம் இன்னும் போகல. புள்ளி விழுந்த ஒரிஜினல் டயல்தான் உசத்தி.

சரி பண்ணலாமா வேணாமான்னு முடிவு பண்றது துருதான். நம்ம டெல்டா ஈரத்துக்கு, அதுவும் நாகப்பட்டினம் பக்கம் உப்புக் காத்துக்கு, சாவி குடுக்குற தண்டுதான் மொதல்ல துருப்பிடிக்கும். அதோட நின்னுருந்தா தாராளமா செய்யலாம். பல்சக்கரம் வரைக்கும் போயிருந்தா பழைய பார்ட்ஸ் தேடணும், செலவு ஏறும், அப்பவும் தாத்தாவுக்காக செய்யணும்னு தோணினா செய்ங்க. ரிப்பேர் பாக்குறவர்கிட்ட, கழட்டி கழுவி ஆயில் மட்டும் போடுங்க, மாத்துற சாமான் எல்லாத்தையும் என்கிட்டயே திருப்பிக் குடுங்கன்னு கண்டிப்பா சொல்லிடுங்க.

ஒண்ணு முக்கியம். முள்ளுலயோ டயல்லயோ இருட்டுல மின்னுறதுக்குப் பூசின மருந்து இருந்தா அத சொரண்டாதீங்க, அந்தக் காலத்துல ரேடியம் பூசுவாங்க, மின்னுறது நின்னு போனாலும் ரேடியம் பாதியாக் குறையவே 1,600 வருஷம் ஆகும், அந்தத் தூள் மூக்குல போகக் கூடாது.

கழுவி ஆயில் போடுற வரைக்கும் சாவி குடுத்து ஓட்டிப் பாக்காதீங்க, காஞ்ச ஆயில்ல ஓடுனா தேஞ்சிடும். அப்புறம் வீட்டுல தாத்தா ஸ்டூடியோல எடுத்த போட்டோ இருக்கான்னு தேடுங்க, அந்தக் காலத்துல வாட்சு தெரியிற மாதிரிதான கைய வச்சு நிப்பாங்க. அதே வாட்சு அதுல தெரிஞ்சா ரெண்டையும் ஒண்ணா வைங்க.