பிப்ரவரியில் மூணாறு போனால் வரையாடு பார்க்கலாமா?

கேள்வி: மதுரையில் இருக்கிறோம். பிப்ரவரி கடைசி வாரம், இரண்டு நாள் பயணமாக மூணாறு போக நினைக்கிறோம். நான், கணவர், 9 வயதில் மகள், 6 வயதில் மகன், 71 வயதில் என் மாமியார். மகளுக்கு வரையாடு பார்க்க வேண்டும். அத்தைக்கு மூட்டுவலி, ஏற்றம் ஏற முடியாது. ஆனால் குறிஞ்சிப்பூவைப் பார்த்துவிட வேண்டும் என்கிறார். சொந்தக் காரில் எந்த வழியாகப் போவது? எங்கே தங்குவது? இன்னும் அறை பதிவு செய்யவில்லை.

பதில்: அறை பதிவு செய்வதற்கு முன்பே கேட்டீர்களே, அது நல்லதாயிற்று. நீங்கள் சொல்லும் வாரத்தில் மூணாறு ஊர் திறந்திருக்கும். வரையாடு இருக்கும் இரவிகுளம் தேசியப் பூங்கா அநேகமாக அடைத்திருக்கும். பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் குட்டி ஈனும் காலம் என்று வழக்கமாகப் பயணிகளை உள்ளே விடுவதில்லை. தேதியை வனத்துறை ஒவ்வோர் ஆண்டும் அறிவிக்கும். குட்டிகள் முன்னதாகவே கண்ணில் பட்டால் ஜனவரி கடைசியிலேயே அடைப்பதும் உண்டு. இது தெரியாமல் அறைக்கு முன்பணம் கட்டிவிட்டு, பூங்காவின் ராஜமலை வாசலில் பிள்ளைகளோடு நின்று திரும்பும் குடும்பங்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

அந்த அடைப்பைக் குறை சொல்ல மாட்டேன். வரையாடு பெரும்பாலும் ஒரு குட்டிதான் ஈனும். பிறந்து சில நாளே ஆன குட்டியோடு தாய் புல்வெளியில் மேயும்போது ஆள் கூட்டம் சூழ்ந்தால் மந்தை மிரண்டு ஓடும், குட்டி பின்தங்கிவிடும். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் விலங்கு அது. அதிலும் மிகப் பெரிய கூட்டம் இருப்பது இந்த 97 சதுர கிலோமீட்டர் பூங்காவில்தான். சங்கப் பாடல்களில் வருடை என்று வருவதும் இந்த ஆட்டைத்தான் என்பார்கள். நம் மாநில விலங்கு. ஆனால் அதை நிதானமாகப் பார்க்க எல்லை தாண்டி இடுக்கி மாவட்டத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

ஆகவே என் யோசனை: பயணத்தை ஏப்ரலுக்குத் தள்ளுங்கள். பூங்கா வழக்கமாக ஏப்ரல் தொடக்கத்தில் திறக்கும். அப்போது போனால் இரண்டு, மூன்று மாதக் குட்டிகள் தாயின் பின்னால் பாறைக்குப் பாறை தாவுவதைப் பார்க்கலாம். உங்கள் மகளுக்கு அதைவிட நல்ல காட்சி கிடையாது. சித்திரை முதல் நாளும் மலையாளிகளின் விஷுவும் ஒட்டி வரும் நாள்களையும், புனித வெள்ளியையும், சனி ஞாயிறையும் விட்டுவிட்டு, பிள்ளைகளுக்குத் தேர்வு முடிந்த பிறகு ஒரு செவ்வாய், புதன் பாருங்கள்.

பூங்காவுக்குள் சொந்தக் கார் போகாது. மூணாறில் இருந்து மறையூர் சாலையில் சில கிலோமீட்டர் போனால் ஐந்தாம் மைல் வரும். அங்கே நுழைவுச்சீட்டு வாங்கினால் வனத்துறைப் பேருந்தே ராஜமலைக்கு மேலே ஏற்றிக்கொண்டு போகும். இணையத்தில் முன்பதிவு உண்டு. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பும் உண்டு. காலையில் போகும் முதல் பேருந்துகளில் ஒன்றைப் பிடியுங்கள். மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால் பத்தடி தூரத்தில் நிற்கும் ஆடுகூடத் தெரியாது. ஏப்ரலில் பிற்பகல் கோடை மழையும் வரும்.

பேருந்து இறக்கிவிடும் இடத்துக்கு மேலே தார்ச்சாலையில் ஏறி நடக்க வேண்டும். அத்தை அதை முழுக்க நடக்க வேண்டியதில்லை. ராஜமலை ஆடுகள் பல தலைமுறையாக மனிதர்களைப் பார்த்துப் பழகியவை; சாலையோரத்துக்கே இறங்கி வந்து மேயும். அத்தை கீழேயே உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் ஏறிப் பார்த்துவிட்டு வரலாம். பழகிய ஆடாயிற்றே என்று பிள்ளைகளை அதைத் தொடவோ அதற்குப் பிஸ்கட் நீட்டவோ விட வேண்டாம். உப்புக்கும் தீனிக்கும் ஒருமுறை ருசி கண்ட ஆடு மனிதனைத் தேடி வர ஆரம்பித்துவிடும். அதன் கேடு அதற்குத்தான். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரியும் ஆனைமுடி, 2,695 மீட்டர், தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரம்.

குறிஞ்சி விஷயத்தில் அத்தையிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். இரவிகுளத்தின் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும். 1994, 2006, 2018 என்று பூத்தது; அடுத்தது 2030. அதுவும் ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான். 2018-ல் பூத்த நேரம் பார்த்து வெள்ளம் வந்து சாலைகளை அறுத்துவிட்டதால், பார்க்கக் கிளம்பிய பலருக்குக் கொடுத்து வைக்கவில்லை. இடையில் 'குறிஞ்சி பூத்துவிட்டது' என்று கைப்பேசியில் படம் வந்தால் நம்பிக் கிளம்பாதீர்கள். குறிஞ்சியில் பல இனங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. நீலக்குறிஞ்சியே வேறு மலையில் வேறு ஆண்டில் பூக்கும். 2022-ல் சாந்தன்பாறைப் பக்கம் அப்படித்தான் பூத்தது.

வழிக்கு வருகிறேன். மதுரையில் இருந்து தேனி, போடி, போடிமெட்டு, பூப்பாறை வழிதான் உங்களுக்குக் கிட்டம். சுமார் 160 கிலோமீட்டர். நிறுத்தி நிறுத்திப் போனால் ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். போடியைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் அடுத்தடுத்து வரும். பிள்ளைகளுக்குத் தலைசுற்றல் இருந்தால் இரண்டு இட்லியோடு நிறுத்தி, போடிமெட்டில் காரை ஓரங்கட்டிக் காற்று வாங்கிய பிறகு அடுத்த வேளை பாருங்கள். அதற்கு மேல் ஏலக்காய்த் தோட்டம், பிறகு தேயிலை. மழைக்காலத்தில் இந்தச் சாலையின் கேப் ரோடு பகுதியில் மண் சரியும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வயதானவர்களை அழைத்துக்கொண்டு இந்த மலைக்குப் போகவே வேண்டாம் என்பது என் கருத்து. 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் இறந்து போனார்கள். தென் தமிழகத்தில் இருந்து போய்த் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளிய குடும்பங்கள் அவர்கள். தோட்டத்தில் வேலை செய்யும் பெண்களைப் படம் எடுக்கத் தோன்றினால் கேட்டுவிட்டு எடுங்கள். தமிழிலேயே கேட்கலாம், பாதி பேருக்கு உங்கள் பக்கத்து மாவட்டத்தில் சொந்தம் இருக்கும்.

தங்கும் இடத்தில் ஓர் எச்சரிக்கை. 'மூணாறு' என்று விளம்பரம் செய்யும் விடுதிகள் பல, ஆனச்சால், சித்திராபுரம், சின்னக்கானல் என்று ஊரைவிட்டு வெகுதூரம் தள்ளி இருக்கின்றன. அங்கிருந்து பூங்காவுக்குப் போக மூணாறு கடைவீதியைக் கடக்க வேண்டும். விடுமுறை நாளில் அந்த நெரிசலில் காலைப் பொழுது போய்விடும். வரைபடத்தில் ஐந்தாம் மைலுக்கு எவ்வளவு தூரம் என்று பார்த்துவிட்டு, ஊருக்குள்ளோ மறையூர் சாலைப் பக்கமோ எடுங்கள். அத்தைக்குப் படியேறாத தரைத்தள அறை, வெந்நீர், மேல்நாட்டுக் கழிப்பறை மூன்றையும் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்யுங்கள். மலைச்சரிவில் கட்டிய விடுதிகளில் 'தரைத்தளம்' என்றாலும் இருபது படி இறங்க வேண்டியிருக்கும்.

இரண்டாம் நாள் திரும்பும்போது வந்த வழியே வராமல், மறையூர், சின்னார் வழியாக உடுமலைக்கு இறங்கிப் பாருங்கள். தூரம் கூடுதல்தான். மூணாறின் குளிரும் ஈரமும் போய், இரண்டு மணி நேரத்தில் முள்மரக் காடும் வெயிலுமாக மலை வேறு முகம் காட்டும். மறையூரில் சந்தனக் காடும், முனியறை என்று சொல்லும், கல்லால் அடுக்கிய பழங்கால ஈமச்சின்னங்களும், கரும்புச்சாறு காய்ச்சி வெல்லம் உருட்டும் ஆலைகளும் உண்டு. வெல்லம் வாங்க அத்தைக்குப் படியேற வேண்டியதில்லை. சின்னார் சாலையில் யானை நடமாட்டம் இருப்பதால் பொழுது சாய்வதற்கு முன் கடந்துவிடுங்கள். நடுவில் இறங்கி நிற்க வேண்டாம். தண்ணீருக்கு எவர்சில்வர் குப்பியே எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பாட்டிலைப் பூங்காவில் அனுமதிக்க மாட்டார்கள்.

விடுப்பு பிப்ரவரியில்தான், மாற்ற வழியில்லை என்றால், மூணாறை விட்டுவிட்டு வால்பாறை போங்கள். ஆழியாறில் இருந்து ஏறும் சாலையில் 9-வது கொண்டை ஊசி வளைவைச் சுற்றி, தடுப்புச் சுவரிலேயே வரையாடு வந்து நிற்பதுண்டு. உறுதி சொல்ல முடியாது. ஆனால் மகளுக்கு ஒரு வாய்ப்பு இருக்கும், அத்தையும் காரைவிட்டு இறங்காமலே பார்க்கலாம். கிளம்புவதற்கு முன் இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச்சீட்டு) விதியை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.