அவர் அடுத்து எந்த ஊருக்குப் போவார்?

கேள்வி: அக்கா, எனக்கு 33 வயது. கணவர் இறந்து ஐந்து வருடம் ஆகிறது. சேதுபாவாசத்திரம் பக்கம் இட்லிக்கடை வைத்து, ஒன்பது வயது மகளை வளர்க்கிறேன். கடல் பசு ஆராய்ச்சிக்கு வந்த ஒருவர் ஒரு வருடமாக எங்கள் கடையில்தான் சாப்பிடுகிறார். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டுவிட்டார். எனக்கும் விருப்பம்தான். "வந்த ஆள் போயிடுவான், வீட்டுப் பங்கும் போயிடும்" என்கிறார் மாமியார். மகளோ அவர் கொடுத்த கடல் புல்லை நோட்டுக்குள் வைத்து, தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறாள். என்ன செய்யட்டும்? (பெயர் வேண்டாம்)

பதில்: அன்புத் தங்கைக்கு, "எனக்கும் விருப்பம்தான்" என்பதை ஒரு தடவை எழுதி, அடித்துவிட்டு, மறுபடி எழுதியிருக்கிறீர்கள். மறுபடி எழுதியதைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். ஆசைப்பட்டதில் ஒரு தப்பும் இல்லை.

பங்கு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கணவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சொத்து மனைவி, பிள்ளை, தாய் மூவருக்கும் சமமாகச் சேரும். அப்படிச் சேர்ந்த பங்கு மறுமணத்தால் பறிபோகாது. வீடு மாமனார் பெயரில் இருந்தால் கணக்கு வேறு. பத்திரத்தோடு ஒரு வக்கீலைப் பாருங்கள். விதவை உதவித்தொகை வாங்குகிறீர்கள் என்றால் அது நின்றுவிடும். அதே சமயம், மறுமணத்துக்கென்றே டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரில் அரசு உதவித் திட்டம் இருக்கிறது. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

ஆனால் "போயிடுவான்" என்பதை வெறும் வாய்ப்பேச்சு என்று தள்ள என்னால் முடியவில்லை. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். இந்த மாதிரி ஆராய்ச்சி வேலைகளில் பல, திட்டப் பணம் இருக்கும்வரைதான். நம் நாட்டில் கடல் பசு இருப்பது மூன்றே இடங்களில்: உங்கள் பக்கத்துக் கடல், குஜராத்தின் கட்ச் வளைகுடா, அந்தமான் நிக்கோபார். அவர் நல்லவராகவே இருக்கலாம், அடுத்த வேலை அந்தமானில் கிடைத்தால் என்ன செய்வார்?

இதை நேராகக் கேளுங்கள். வேலை எந்த மாதம் முடிகிறது, அதற்கப்புறம் எந்த ஊர், கடையை என்ன செய்வது, பாதிப் படிப்பில் மகளைப் பள்ளி மாற்றுவதா? அவர் வீட்டில் உங்களைப் பற்றியும் மகளைப் பற்றியும் சொல்லிவிட்டாரா? "அப்புறம் சொல்லிக்கலாம்" என்றால், சொல்லும்வரை கல்யாணத் தேதி குறிக்காதீர்கள். இதில் நான் பிடிவாதமாகத்தான் இருப்பேன். நீங்கள் தாங்கிக்கொள்வீர்கள், அந்தக் குழந்தை இன்னொரு ஆள் இல்லாமல் போவதை எப்படித் தாங்கும்?

பதில் திருப்தியாக இருந்தால் மகளிடம் நீங்களே சொல்லுங்கள், கடைக்கு வருகிறவர்கள் சொல்லி அவளுக்குத் தெரியவேண்டாம். இனிஷியல் மாறுமா என்று கேட்பாள். இந்த மாதிரி ஒரு வழக்கில், மறுமணம் செய்த தாய்க்கே பிள்ளையின் குடும்பப் பெயரை முடிவு செய்யும் உரிமை உண்டு என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவள் அப்பாவின் எழுத்தே இருக்கட்டும் என்பது என் அபிப்பிராயம். சுவரில் இருக்கும் அவர் படமும் அங்கேயே இருக்கட்டும். இதைக் கல்யாணம் கேட்டவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். என்ன பதில் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.