முதுகில் ஊசி போட்டால் கால் செயலிழந்துவிடுமா?

என் கணவருக்கு எச்.ஐ.வி. உள்ளது. எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மாத்திரைகளைச் சில மாதங்களாக நிறுத்திவிட்டார். மூன்று வாரமாகத் தலைவலி. கடையில் வலி மாத்திரை வாங்கிச் சமாளிக்கிறார். இப்போது வாந்தியும் இருக்கிறது. காய்ச்சல் இல்லை. பாதம் மரத்துப்போகிறது, முடி கொட்டுகிறது. சி.டி. ஸ்கேனில் கோளாறு இல்லை. ஆனாலும் முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்கிறார்கள். கால் செயலிழந்துவிடும் என்று இணையத்தில் படித்ததால் பயமாக இருக்கிறது.

மருத்துவர் பதில்:

கால் செயலிழக்காது, சகோதரி. தண்டுவடம் இடுப்பின் முதல் இரண்டு முள்ளெலும்புகளுக்கு அருகிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போடுவது அதற்கும் கீழே. மறுநாள் சிலருக்குத் தலை வலிக்கும். சில நாளில் சரியாகிவிடும். இணையத்தில் படித்ததை மூடிவையுங்கள்.

எனக்குக் கவலை தருவது அந்த மூன்று வாரத் தலைவலி. நோய் எதிர்ப்புக்கு உதவும் சி.டி.4 வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 100-க்குக் கீழே இறங்கியவர்களை கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை தாக்கி, மூளை உறையில் அழற்சியை உண்டாக்கும். பலருக்குக் காய்ச்சல் இருக்காது, கழுத்தும் விறைக்காது, ஸ்கேனும் சரியாகவே இருக்கும். ஊசி போடத் தடை ஏதும் இல்லை என்பதைத்தான் உங்கள் ஸ்கேன் சொல்கிறது.

முதுகில் எடுப்பது மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீர்தான். அதில் ஒரு துளியை 'இந்தியா இங்க்' என்னும் கறுப்பு மையுடன் கலந்து நுண்ணோக்கியில் பார்ப்போம். கருமைக்கு நடுவே வெளிச்ச வளையம் சூழ்ந்த உருண்டை அணுக்கள் தெரிந்தால் நோய் பிடிபட்டுவிடும். வெள்ளணுக்களை எண்ணினால் மட்டும் போதாது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு அந்த எண்ணிக்கை இயல்பாகவே இருந்து ஏமாற்றும். அதனால் பூஞ்சையின் ஆன்டிஜென், அதாவது பூஞ்சைக்கே உரிய வேதிப்பொருள், நீரில் உண்டா என்ற சோதனையும் அவசியம். காசநோய்க் கிருமி உண்டா, லிம்போமா புற்றணுக்கள் உண்டா என்பதையும் அதே நீரில் தேடுவார்கள். தலைக்குள் அழுத்தம் ஏறியிருந்தால், நீரை வடிப்பதே சிகிச்சையும் ஆகும். சில நாள் திரும்பத் திரும்ப வடிக்க வேண்டியிருக்கும். அதற்குப் பயந்து தள்ளிப்போட்டால் பார்வை போகலாம், உயிரும் போகலாம்.

பாத மரப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முடியைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். வலி மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். மூன்று வாரத்தை விழுங்கியது அதுதான்.

நிறுத்திய ஏஆர்டி மாத்திரைகளை நீங்களாக மறுபடி கொடுத்துவிடாதீர்கள். இந்தப் பூஞ்சைதான் என்று உறுதியானால், அதற்கான மருந்தைத் தொடங்கி நான்கு முதல் ஆறு வாரம் கழித்தே ஏஆர்டி கொடுப்போம். முந்தினால் மூளை அழற்சி முற்றி உயிருக்கே ஆபத்தாகும்.

நாளையே ஊசிக்கு ஒப்புக்கொள்ளுங்கள். அதற்குள் உருவம் இரண்டாகத் தெரிந்தாலோ, கூப்பிட்டால் மந்தமாகப் பதில் சொன்னாலோ, இரவென்றும் பாராமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.