அகச்சிவப்பு ஒளியைப் படிக்க எந்தப் பிரிவில் சேர வேண்டும்?

மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் மகள், அறைக்குள் அகச்சிவப்பு ஒளியால் அதிவேக இணையம் தரும் தொழில்நுட்பத்தைத்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்பதாகவும், அது சோறு போடுமா என்று நீங்கள் தவிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். துறை மெய்யானதுதான், ஆனால் அந்தப் பெயர் தாங்கிய இளநிலைப் படிப்பைத் தேடி அலைய வேண்டாம்.

முதலில், டிவி ரிமோட்டின் முனையைக் கைபேசியின் முன்பக்கக் கேமராவுக்குக் காட்டி ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளி, பெரும்பாலும் திரையில் வெளிர் ஊதாவாக மினுக்கும். ரிமோட்டை எதிர்ச் சுவரை நோக்கிப் பிடித்தாலும் பல வீடுகளில் சேனல் மாறும். ஒளி சுவரில் பட்டுச் சிதறி வருகிறது. 1979இல் ஐபிஎம் சூரிக் ஆய்வகத்தின் கெஃபெல்லரும் பாப்ஸ்டும் அறைக்குள் தகவல் அனுப்ப முன்வைத்தது இந்தச் சிதறலைத்தான். சிதறிய ஒளி பல வழிகளில் முன்னும் பின்னுமாக வந்து சேர்வதால் வேகம் கூட்டுவது கடினம். நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2017இல் வெளிவந்த ஆய்வு வேறு வழியைப் பிடித்தது: கூரையில் பொருத்திய, மின்சாரமே தேவைப்படாத ஆன்டெனா, ஒளியிழை வழியே வரும் ஒளியை அதன் அலைநீளத்துக்கேற்ற கோணத்தில் திருப்பி, கருவிக்கு ஒரு கற்றையாக அனுப்புகிறது, 2.5 மீட்டர் தூரத்தில் நொடிக்கு 42.8 கிகாபிட் வேகம் கிடைத்தது. கண்ணைக் கெடுக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். அங்கே பயன்படுத்திய 1500 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளங்கள் விழித்திரையை எட்டுமுன்பே உறிஞ்சப்பட்டுவிடும். 2023இல் ஒளிவழித் தொடர்புக்கென 802.11பிபி என்ற தரநிலையும் வந்துவிட்டது.

இதில் இயற்பியல், மின்னணுவியல், ஒளியிழை மூன்றும் பிணைந்திருப்பதால், ஈசிஇ எனப்படும் மின்னணுவியல், தொடர்பியல் பொறியியல் பிரிவே இயல்பான வாசல். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வின் 200 மதிப்பெண்ணில் இயற்பியலுக்கு 50 மட்டுமே என்பதால் அதைக் கைவிட்டுக் கணிதத்தையே பிடித்துக்கொள்ளும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். உங்கள் மகளுக்கு அது பொருந்தாது. ஜேஇஇ மெயின் எழுதினால் காரைக்காலிலுள்ள என்ஐடியும் எட்டும் தூரம்தான். பிறகு எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வு வழியாக ஐஐடி டெல்லியில் ஒளிமின்னணுவியல், ஒளிவழித் தொடர்பியலில் எம்.டெக். படிக்கலாம். பொறியியலே வேண்டாமென்றால், கொச்சியிலுள்ள குசாட் பல்கலைக்கழகத்தில் ஃபோட்டானிக்ஸ் எனும் ஒளித் தொழில்நுட்பத்தில் ஐந்தாண்டு எம்.எஸ்சி. இருக்கிறது.

‘அகச்சிவப்புப் பொறியாளர் தேவை’ என்ற விளம்பரத்தை நான் கண்டதில்லை. ஈசிஇ படித்தவருக்கு ஒளியிழை வலையமைப்பு, தொலைத்தொடர்பு, சிப் வடிவமைப்பு ஆகியவை திறந்திருக்கும். ஆய்வுக்குப் போக மேலும் சில ஆண்டுகள் குடும்பம் பொறுத்திருக்க வேண்டும்.

விருப்பப் பட்டியலை நிரப்புமுன் கல்லூரிகளை நேரில் பாருங்கள். ஒளியிழை ஆய்வகக் கருவிகளில் மாணவர்கள் கைவைத்து வேலை செய்கிறார்களா, அவை அலமாரிக்குள் பூட்டியிருக்கின்றனவா என்பதை மகளே விசாரிக்கட்டும்.