பொறியியல் முதலாண்டு நுண்கணிதத் தாள்: மதிப்பெண் கணக்கு எப்படி? – கேள்வி பதில்

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில், 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி முதல் பருவத்தில் வரும் ‘அணிகளும் நுண்கணிதமும்’ (எம்ஏ3151) என்னும் தாளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் பிந்தைய ஒழுங்குமுறையில் சேர்ந்தவர்களுக்கும் கணக்கு வேறுபடலாம் என்பதால், அவர்கள் தத்தம் ஒழுங்குமுறையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி (ஒரு மாணவியின் தந்தை): வணக்கம் அம்மா. என் மகளுக்கு இந்தத் தாள் அரியராக நிற்கிறது. பிளஸ் டூவில் கணிதத்தில் நல்ல மதிப்பெண் எடுத்தவள். இதில் அப்படி என்ன புதிதாக இருக்கிறது?

பதில்: வணக்கம் ஐயா. மொத்தம் ஐந்து அலகுகள்: அணிகள், வகை நுண்கணிதம், பலமாறிச் சார்புகள், தொகை நுண்கணிதம், பன்மடித் தொகையீடு. ஒவ்வோர் அலகுக்கும் ஒன்பது மணி நேர விரிவுரையும் மூன்று மணி நேரப் பயிற்சி வகுப்புமாக அறுபது மணி நேரம்; கிரெடிட் நான்கு. இரண்டாம் அலகும் நான்காம் அலகின் பெரும்பகுதியும் தங்கள் மகள் பள்ளியிலேயே பார்த்தவைதாம். உண்மையில் புதியவை முதல் அலகில் வரும் ஐகன் மதிப்புகளும் இருபடி வடிவங்களும், மூன்றாம் அலகின் ஜேக்கோபியனும் லக்ராஞ்சி பெருக்கியும், ஐந்தாம் அலகு முழுவதும். ‘இதெல்லாம் தெரிந்ததுதானே’ என்ற நினைப்பில் செப்டம்பர் கழிந்துவிடுகிறது. ஐந்தாம் அலகு வரும்போது பருவமே முடியப்போகிறது. பிளஸ் டூவில் நன்றாகச் செய்தவர்கள் இதில் சறுக்குவதற்கு நான் கண்ட முதற்காரணம் இதுதான்.

கேள்வி (இயந்திரப் பொறியியல் மாணவர்): மேடம், இன்டர்னல் 40 என்கிறார்கள். அந்த 40 எப்படி வருகிறது?

பதில்: பருவத்தில் இரண்டு அகமதிப்பீடுகள் உண்டு. ஒவ்வொன்றும் 100 மதிப்பெண்ணுக்கு: ஒப்படைப்பு, கருத்தரங்க உரை போன்றவற்றுக்கு 40, எழுத்துத் தேர்வுக்கு 60. இரண்டும் சேர்ந்த 200ஐ ஐந்தால் வகுத்தால் உங்கள் 40 கிடைக்கும். அதாவது இறுதி 40இல் 16 மதிப்பெண், வீட்டில் உட்கார்ந்து ஒழுங்காகச் செய்து கொடுக்கக்கூடிய வேலைக்கு உரியது. ஒப்படைப்பில் இரண்டு முறையும் 36 வாங்கி, தேர்வுகளில் 30, 24 என்று சுமாராகவே எழுதிய ஒருவருக்கும் கூட்டுத்தொகை 126, அகமதிப்பீடு 25.2 வந்துவிடுகிறது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பதிலில் தேவைப்படும்.

கேள்வி (மின்னியல் மாணவர்): எனக்கு இன்டர்னலில் 38 வந்தது. செமஸ்டர் தேர்வில் 44 எடுத்தேன். கூட்டினால் 60க்கு மேல் வருகிறது, ஆனாலும் தோல்வி என்று காட்டுகிறது. தவறு நடந்திருக்குமா மேடம்?

பதில்: தவறில்லை தம்பி. இறுதித் தேர்வு 100 மதிப்பெண்ணுக்கு நடந்து 60ஆகச் சுருக்கப்படுகிறது. உங்கள் 44, 26.4 ஆகிறது. மொத்தம் 64.4 என்பது தேர்ச்சிக்குரிய 50ஐத் தாண்டியதுதான். ஆனால் மொத்தத்தில் 50 விழுக்காடு பெறுவதோடு, இறுதித் தேர்வில் மட்டும் தனியாக 45 விழுக்காடும் பெற்றிருக்க வேண்டும் என்று விதி இரண்டு வாசல்களை வைத்திருக்கிறது. அகமதிப்பீட்டில் நாற்பதுக்கு நாற்பது வாங்கினாலும் இரண்டாம் வாசலை அது திறக்காது.

இதை மறுபக்கமிருந்தும் பாருங்கள். இறுதித் தேர்வில் 45 எடுத்தால் அது 27 ஆகிறது; எனவே அகமதிப்பீட்டில் 23 உள்ள எவருக்கும் அந்த 45 போதும். மேலே சொன்ன 25.2காரர் இந்தக் கரையில் பத்திரமாக நிற்கிறார். அகமதிப்பீடு 12 மட்டுமே உள்ளவருக்கோ 38 தேவை. அதற்கு இறுதித் தேர்வில் 64 எடுத்தாக வேண்டும்.

கேள்வி (கணினி அறிவியல் மாணவி): மூன்று அலகுகளை மட்டும் நன்றாகப் படித்தால் போதும் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். சரியா மேடம்?

பதில்: வினாத்தாளின் அமைப்பைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முதற்பகுதியில் பத்து இரண்டு மதிப்பெண் வினாக்கள், அலகுக்கு இரண்டு. அடுத்த பகுதியில் ஐந்து பதினாறு மதிப்பெண் வினாக்கள், அலகுக்கு ஒன்று. ‘இது அல்லது அது’ என்ற தெரிவு ஒரே அலகுக்குள் மட்டுமே கிடைக்கும். ஆகவே கைவிடும் ஒவ்வோர் அலகுக்கும் 20 மதிப்பெண் போகிறது. மூன்று அலகுகளில் இருப்பது 60. அதில் 45 எடுக்க நான்கில் மூன்று பங்கு சரியாக எழுத வேண்டும். ஐகன் திசையன் கணக்கில் ஒரு குறி மாறினால் பின்னால் வரும் அணி முழுவதும் மாறிவிடும் ஒரு தாளில் இது துணிச்சலான பந்தயம்தான். நான்கு அலகுகளை முழுதாகப் படித்து, ஐந்தாவதில் இரண்டு மதிப்பெண் வினாக்களையாவது பார்த்துக்கொள்வதே என் பரிந்துரை.

கைவிடப்படுவது பெரும்பாலும் பன்மடித் தொகையீடு. எனக்கு அதில் வருத்தமுண்டு. தொகையீட்டு வரிசையை மாற்றும் கணக்கில் படம் வரைந்தால் பாதி வேலை முடிந்துவிடும். y = x² என்ற பரவளையத்துக்கும் x + y = 2 என்ற சாய்ந்த நேர்கோட்டுக்கும் இடைப்பட்ட பரப்பை நிலைக்குத்துக் கீற்றால் நிரப்பினால் ஒரே தொகையீடு போதும். கிடைக்கீற்றால் நிரப்பினால், இரண்டும் வெட்டிக்கொள்ளும் (1, 1) புள்ளியின் உயரத்தில் பரப்பு இரண்டாக உடைகிறது. படம் வரையாதவர்கள் அந்த உடைவைக் கவனிக்காமல் ஒரே தொகையீடாக எழுதிவிடுகிறார்கள்.

கேள்வி (கட்டடப் பொறியியல் மாணவர்): 85 எடுத்தால் ‘ஏ பிளஸ்’ என்று உறுதியாகச் சொல்லலாமா?

பதில்: சொல்ல முடியாது. தாளை எழுதும் மாணவர்கள் முப்பது பேரோ அதற்குக் குறைவாகவோ இருந்தால்தான் 91 முதல் 100 வரை ‘ஓ’, 81 முதல் 90 வரை ‘ஏ பிளஸ்’ என்ற நிலையான அட்டவணை பொருந்தும். அதற்கு மேற்பட்டால் ஒப்பீட்டுத் தரமிடல்: தேர்ச்சி பெற்றோரின் மதிப்பெண்களை மட்டும் எடுத்து, பாக்ஸ்-காக்ஸ் உருமாற்றம் என்ற புள்ளியியல் முறையால் சீராக்கி, அந்தத் தாளுக்கென்று எல்லைகளை வகுக்கிறார்கள். தோற்றவர்களின் மதிப்பெண் கணக்கிலேயே சேர்வதில்லை. எனவே ‘நிறையப் பேர் தோற்றால் என் கிரேடு ஏறும்’ என்று விடுதியில் பேசிக்கொள்வதற்கு அடிப்படை இல்லை.

கேள்வி (இயந்திரப் பொறியியல் மாணவர்): வருகைப்பதிவு 70 விழுக்காடு இருந்தால்?

பதில்: தேவை 75. மருத்துவம் போன்ற ஏற்கத்தக்க காரணத்துக்குச் சான்று கொடுத்தால், 65 வரை விலக்களிக்க இடமுண்டு.

கேள்வி (முதலில் கேட்ட தந்தை): என் மகளுக்கு இன்டர்னல் 14தான் அம்மா. இரண்டு முறை எழுதிவிட்டாள். அந்த 14 கடைசி வரை கூடவே வருமா?

பதில்: முதல் முறை பெற்ற அகமதிப்பீடு அப்படியே தொடரும் ஐயா. அந்தக் கணக்கின்படி அவருக்கு 36 வேண்டும்; அதாவது இறுதித் தேர்வில் 60. ஆனால் மூன்றாம் முயற்சியிலிருந்து, இரண்டையும் கூட்டித் தேர்ச்சி வராவிட்டாலும், இறுதித் தேர்வில் மட்டும் 50 விழுக்காடு பெற்றால் தேர்ச்சி என்று விதி தளர்கிறது. அடுத்த முறை அவர் எழுதப்போவது அந்த மூன்றாவது முயற்சி. சென்ற தேர்வின் விடைத்தாள் நகலை வாங்கியிருந்தால், எந்த அலகில் எவ்வளவு போயிற்று என்று முதலில் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு எந்த அலகிலிருந்து தொடங்குவது என்பதை அவரே முடிவு செய்துகொள்வார்.