காலம் எதையும் சலித்தெடுக்கவில்லை

கேள்வி: தொலைக்காட்சியின் தொடக்க காலப் பதிவுகள் அழிந்துவிட்டனவே என்று பலர் இன்றும் அங்கலாய்க்கிறார்கள். ஒரு மாலைப் பொழுதைக் கழிப்பதற்காக எடுக்கப்பட்டவைதானே அவை? உண்மையிலேயே மதிப்புள்ளவையாக இருந்திருந்தால் யாரேனும் பத்திரப்படுத்தியிருப்பார்கள். காலம் சலித்தெடுத்துத் தந்ததோடு திருப்தி அடையாமல், தொலைந்ததைத் தேடிக் காசைக் கரியாக்குவது ஏன்?

பதில்: மதிப்புள்ளது எப்படியும் தப்பிப் பிழைக்கும் என்ற நம்பிக்கையில்தான் தங்கள் கேள்வியே நிற்கிறது. அந்த நம்பிக்கையைத் தகர்க்க ஒரே ஒரு சான்று போதும். 1969 ஜூலையில் மனிதன் நிலவில் கால் வைத்த காட்சியை, விநாடிக்கு 10 படங்கள், படத்துக்கு 320 வரிகள் என்ற தனி முறையில் விண்கலம் அனுப்பியது. அன்றைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் அதை அப்படியே காட்ட முடியாது என்பதால், தரை நிலையங்களில் ஒரு திரையில் அதை ஓட்டி, அந்தத் திரையை வேறொரு கேமராவால் படம்பிடித்து உலகுக்கு ஒளிபரப்பினார்கள். நாம் பார்த்தது அந்த மங்கிய நகலைத்தான். தெளிவான மூலம், தரவுகளைப் பதியும் நாடாக்களில் தனியே பதிவாகியிருந்தது. நாசா அந்த நாடாக்களைப் பல ஆண்டுகள் தேடியது; அவை பெரும்பாலும் அழிக்கப்பட்டு வேறு தரவுகளைப் பதியப் பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று 2009-இல் அறிவித்தது. நிலவில் வைத்த முதல் காலடியைவிட மதிப்புள்ள ஒளிபரப்பு எது என்று தாங்களே சொல்லுங்கள்.

அழிவுக்குக் காரணம் நிகழ்ச்சியின் தரம் அல்ல, நாடாவின் விலை. தொலைக்காட்சிப் படத்தைக் காந்த நாடாவில் பதிவதற்காக 1956-இல் அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கருவியில் இரண்டு அங்குல அகல நாடா ஓடியது. நிமிடத்துக்கு 14,400 முறை சுழலும் உருளையில் பொருத்தப்பட்ட நான்கு முனைகள் அதன் குறுக்கே படத்தைப் பதிந்தன. நாடா விலை மிகுந்த பொருள். ஆனால் அழித்துவிட்டுத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். வாங்கியவர்கள் அப்படியே செய்தார்கள். பிரிட்டனில் இதற்கு வேறு சில காரணங்களும் துணைநின்றன. நடிகர் சங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தங்கள் மறுஒளிபரப்பைக் குறுகிய காலத்துக்குள், சில தடவைகளுக்கு மட்டுமே அனுமதித்தன. 1960களின் இறுதியில் வண்ணம் வந்த பிறகு கறுப்பு வெள்ளைப் பதிவுகளுக்குச் சந்தையே இல்லை என்று எண்ணினார்கள். பிபிசியில் ஒளிநாடா (வீடியோ டேப்) ஒரு பிரிவிடமும், வெளிநாட்டு விற்பனைக்கான படச்சுருள் நகல் இன்னொரு பிரிவிடமும் இருந்தன. முழுவதையும் காக்க வேண்டிய கடமை எவருக்கும் இருக்கவில்லை. அழிப்பதற்கு ஒப்பம் இட்டவர்கள் நிகழ்ச்சியைப் போட்டுப் பார்த்துத் தரம் பிரித்துவிட்டு ஒப்பம் இடவில்லை. சலிப்பதற்குச் சல்லடை பிடிக்கும் ஒரு கை வேண்டும். அங்கே அப்படி ஒரு கையே இல்லை.

அப்படியானால் எஞ்சியவை எப்படி எஞ்சின? விதியை மீறியவர்களாலும் விதியை மறந்தவர்களாலும்தான். வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்பதற்காக, ஒளிநாடாவைத் திரையில் ஓட்டிப் படச்சுருளில் நகல் எடுத்து அனுப்புவது அன்றைய வழக்கம். ஒளிபரப்பி முடித்த நிலையம் அந்தச் சுருளைத் திருப்பி அனுப்ப வேண்டும், அல்லது அடுத்த நாட்டுக்கு அனுப்ப வேண்டும், அல்லது அழித்துவிட வேண்டும். நைஜீரியாவின் ஜோஸ் நகரத் தொலைக்காட்சி நிலையத்தில் இவற்றில் எதையும் செய்யாமல் சில பெட்டிகளைக் கிடங்கிலேயே விட்டுவிட்டார்கள். 'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைகதைத் தொடரில் 1967, 1968 ஆண்டுகளில் ஒளிபரப்பாகி, தொலைந்தவை என்று எழுதிவைக்கப்பட்டிருந்த ஒன்பது பகுதிகள் அந்தக் கிடங்கிலிருந்து மீண்ட செய்தி 2013-இல் வெளியாயிற்று. 'டாட்ஸ் ஆர்மி' நகைச்சுவைத் தொடரின் இரண்டு பகுதிகள் 2001-இல் திரும்பி வந்தன. குப்பைத் தொட்டியில் வீசப்பட்ட சுருள்களை யாரோ எடுத்துப் போனதால்தான் அவை பிழைத்தன. அந்த மனிதர் அன்று நல்ல ஊழியரைப் போலக் குப்பையைக் குப்பையாகவே விட்டிருந்தால், அந்த இரண்டு பகுதிகளும் மதிப்பற்றவை என்றல்லவா தங்கள் கணக்கு சொல்லியிருக்கும்! நியூயார்க் நிலையம் ஒன்றுக்கு அனுப்பப்பட்ட அறுபதுக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் நாடகங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருப்பது 2010-இல் தெரியவந்தது. இளம் ஷான் கானரி நடித்த 1960-ஆம் ஆண்டு நாடகம் ஒன்றும் அவற்றுள் அடக்கம்.

இவை எல்லாவற்றிலும் என்னை மிகவும் நெகிழச் செய்வது 1933-ஆம் ஆண்டின் ஓர் அலுமினியத் தட்டு. தொலைக்காட்சியின் முன்னோடிகளுள் ஒருவரான ஜான் லோகி பெயர்டின் 30 வரித் தொலைக்காட்சியை அப்போது பிபிசி ஒளிபரப்பி வந்தது. தன் ஒளிபரப்பைப் பதிந்து வைக்க அதனிடம் எந்த ஏற்பாடும் கிடையாது. அந்தப் படத்தின் சமிக்ஞை மிகக் குறுகிய அலைவரிசைக்குள் அடங்கியது. ஒலியைப் பதியும் கருவியே அதைப் பிடித்துக்கொள்ளும். பெயர்டே 1927-இல் இசைத்தட்டுகளில் படத்தைப் பதிந்து பார்த்திருந்தார். 1933 ஏப்ரலில் பெயர் தெரியாத ஆர்வலர் ஒருவர், வீட்டிலேயே குரலைப் பதிய அந்நாளில் விற்கப்பட்ட வெற்றுத் தட்டில், வானொலி அலையில் வந்த படத்தைக் கீறி வைத்தார். கேட்டால் வெறும் இரைச்சல். டொனால்ட் மெக்லீன் என்ற பொறியியலாளர் அந்த இரைச்சலைக் கணினியில் ஏற்றி, ஊசியின் தடுமாற்றத்தையும் தட்டின் வேக மாறுபாட்டையும் வரி வரியாகச் சரிசெய்தபோது, வரிசையாக நின்று காலை உயர்த்தி ஆடும் நடனப் பெண்கள் தெரிந்தார்கள். சில நிமிடங்கள்தான். அந்தக் காலத்துத் தொலைக்காட்சி வீட்டில் எப்படித் தெரிந்திருக்கும் என்பதை நாம் கண்ணால் காண்பதற்கு அந்தத் தட்டு வழிசெய்தது. அதைக் காத்தது நிறுவனமல்ல, பார்த்துக்கொண்டிருந்த ஒருவர்.

தேடுவது காசைக் கரியாக்குவது என்கிறீர்கள். கிடைத்த பொருளுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பதைக் கிடைத்த அன்றே அறிய முடியாது. வண்ண நிகழ்ச்சியைக் கறுப்பு வெள்ளைச் சுருளில் நகல் எடுத்தபோது, வண்ணத்தைச் சுமந்த சமிக்ஞை திரையில் நுண்ணிய புள்ளிகளாகத் தெரிந்து, அதுவும் படத்தோடு சேர்ந்து பதிந்துவிட்டது. பல்லாண்டுகளாக அதைக் குறை என்றே கருதினார்கள். அந்தப் புள்ளிகளைக் கணினியால் படித்து இழந்த வண்ணத்தையே மீட்கலாம் என்று பிற்பாடு கண்டுகொண்டார்கள். அப்படி மீட்ட 'டாட்ஸ் ஆர்மி' பகுதி ஒன்று 2008-இல் வண்ணத்திலேயே ஒளிபரப்பாயிற்று. சுருளைத் தூக்கி எறிந்திருந்தால் அந்தப் புள்ளிகளும் போயிருக்கும்.

இந்தத் தேடலுக்குக் காலக்கெடுவும் உண்டு. அசிடேட் என்ற நெகிழியாலான படச்சுருள் சிதையத் தொடங்கினால் புளிக்காடி வாடை வீசும், சுருங்கும், கடைசியில் எந்தக் கருவியிலும் ஓடாது. இரண்டு அங்குல நாடாவை ஓட்டும் இயந்திரங்களை இப்போது எவரும் செய்வதில்லை. இருப்பவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் முதுமை எய்திவிட்டார்கள். சுருள்களைத் தனியே வைத்திருக்கும் சேகரிப்பாளர்களுள் சிலர், பறிமுதல் செய்துவிடுவார்களோ, திருட்டுப் பட்டம் கட்டுவார்களோ என்று அஞ்சி வாய் திறப்பதில்லை. அவர்கள் மறைந்தபின் வீட்டை ஒழிப்பவர்களுக்கு அந்தத் தகரப் பெட்டி வெறும் தகரப் பெட்டிதான். பிரதி எடுத்துக்கொண்டு சுருளைக் கொடுத்தவரிடமே திருப்பித் தருவோம், எப்படிக் கிடைத்தது என்று கேட்க மாட்டோம் என்று ஒவ்வொரு காப்பகமும் எழுத்து மூலம் உறுதி கூறினால், அவர்களுள் பலர் தாமாகவே முன்வருவார்கள். அதற்கு எவ்வளவு பணம் செலவாகும் என்று தாங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.